சாளையும் மத்தியும்: வகுப்பறையில் குறிச்சொற்கள் எப்படி வேலை செய்கின்றன?

குளச்சலிலிருந்து வரும் மாணவி கடல்மீன் பற்றிய இணையப் பக்கம் ஒன்றைச் சேமித்து, பிறகு தேடி எடுக்க அடையாளமாக 'சாளை' என்று குறிச்சொல் (tag) போடுகிறாள். பக்கத்து பெஞ்சு மாணவன் அதே மீனைப் பற்றி வேறொரு பக்கத்தைச் சேமித்து 'மத்தி' என்று போடுகிறான். இருவரும் போட்டது சரிதான். ஆனால் அவள் சேமித்தது அவன் தேடும்போது வராது. பலரும் சேர்ந்து இணையச் சுட்டிகளை (links) ஒரே இடத்தில் சேமிக்கும் கூட்டு புக்மார்க் முறையின் பலம், பலவீனம் இரண்டும் இந்த ஒரு மீனிலேயே இருக்கின்றன.

உலாவியில் நாம் போடும் புக்மார்க் நம் கணினியோடு நின்றுவிடும். வாட்ஸ்அப் குழுவில் போட்ட சுட்டியோ இரண்டே நாளில் மேலே போய் மறைந்துவிடும். 2003-இல் தொடங்கிய டெலிஷியஸ் தளம் சுட்டிகளைப் பொதுவில் சேமித்து, அவரவர் சொல்லால் அடையாளமிடும் பழக்கத்தைப் பரப்பியது. இப்படி மக்களே உருவாக்கும் வகைப்பாட்டுக்கு 'ஃபோக்ஸானமி' என்று 2004-இல் பெயர் வைத்தவர் தாமஸ் வாண்டர் வால்.

உள்ளே நடப்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு வேலைதான். 'மணக்குடி' என்ற சொல்லுக்கு நேரே 3, 7, 12, 19 என்று சுட்டி எண்கள் இருக்கும். 'அலையாத்தி' (கடலோரச் சதுப்புநில மரம்) என்பதற்கு 7, 9, 19. இரண்டையும் சேர்த்துத் தேடினால் பொதுவான 7, 19 மட்டும் வரும். கோப்புறை என்றால் ஒரு பக்கத்தை ஒரே இடத்தில்தான் வைக்க முடியும். குறிச்சொல்லில் அந்தத் தடை இல்லை.

40 பேர் வகுப்பை ஐவர் வீதம் 8 குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு 5 சுட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, 'இதில் என்ன இருக்கிறது' என்று இரண்டு வரி, 3 முதல் 5 குறிச்சொற்கள். அந்த இரண்டு வரியை விட்டுவிடாதீர்கள். படிக்காமல் சேமிப்பதைத் தடுப்பது அதுதான். மாணவர் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டாம். ஆசிரியரின் ஒரே கணக்கு, அல்லது பகிர்ந்த ஒரு விரிதாள் போதும்.

முதல் வாரம் அவரவர் விருப்பப்படி சொல் போடட்டும். அடுத்த வகுப்பில் எல்லாக் குறிச்சொற்களையும் எண்ணிக்கையோடு கரும்பலகையில் எழுதுங்கள். ஒரே ஒருமுறை வந்த சொல்லிலும், எல்லாச் சுட்டியிலும் வந்த சொல்லிலும்தான் கோளாறு இருக்கும். நாற்பதிலும் 'கடல்' என்று இருந்தால் அது எதையும் பிரித்துக் காட்டாது. 'மீன்', 'மீன்கள்' இரண்டும் கணினிக்கு வேறு வேறு சொற்கள். சில சேவைகள் இடைவெளி விட்டால் சொல்லை உடைத்துவிடும். 'கடல் அரிப்பு' இரண்டு குறிச்சொல்லாகிவிடும். 'கடலரிப்பு' என்று சேர்த்தே எழுதுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 'கொடுவா' என்ற மீன் பெயரில் உள்ள 'கொ'வை, ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்தும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். நேரடியாக எழுத்தெழுத்தாய் ஒப்பிடும் தேடலில் பொருந்தாது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் பொதுத் தரமான யூனிகோடின் சீராக்க முறை இதைச் சரிசெய்துவிடும். 'பௌர்ணமி'யை அது காப்பாற்றாது: ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) பற்றிய சுட்டிக்குச் சிலர் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு, தனியாக 'ள' சேர்த்து 'பெளர்ணமி' என்று அடிப்பார்கள். அதை மனிதர்தான் திருத்த வேண்டும்.

சாளைக்கு வருவோம். 'மத்தி என்றே போடு' என்று உத்தரவிடுவது எளிது. ஆனால் அப்படிச் செய்தால் கடற்கரைப் பிள்ளையின் சொல் அழிந்துபோகும். இரண்டையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். மரச்சீனி, மரவள்ளி போன்ற ஜோடிகளுக்கும் இதுவே வழி.

வேறு சில இடங்களில் ஒரு சொல் போதாது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டத்தில் சின்னமுட்டம் கிழக்குக் கடல் கணக்கிலும் குளச்சல் மேற்குக் கடல் கணக்கிலும் வருகின்றன. வெறும் 'தடைக்காலம்' என்று போட்டால் இரண்டு அறிவிப்பும் கலந்து, மாணவர் தேதியைத் தவறாக எழுதுவார். 'கிழக்குக்கடல்', 'மேற்குக்கடல்' என்று ஒன்றைக் கூடவே சேர்க்க வேண்டும்.

தளங்களும் நிலையானவை அல்ல. 2017-இல் டெலிஷியஸ் புதிய சுட்டிகளை ஏற்பதை நிறுத்தியது. எனவே மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் கோப்பாக இறக்கி, பள்ளிக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். கடைசியில் பட்டியலை வேறொரு வகுப்பிடம் கொடுத்து, 'குளச்சலில் தடைக்காலம் எப்போது?' என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அவர்கள் என்ன சொல்லைத் தட்டினார்களோ அந்தச் சொல்லையே குறிச்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள்.