காளான் படம் மட்டும் போதாது, காயவைத்தும் அனுப்புங்கள்

கலிஃபோர்னியாவில் குளிர்கால மழை தொடங்கியதும் எங்கள் ஆய்வகத்துக்கு டிஎன்ஏ சோதனைக்காகக் காளான் வைத்த தபால் உறைகள் வரத் தொடங்கிவிடும். அனுப்புகிறவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்சுகள், மென்பொருள் வேலை பார்ப்பவர்கள். விடுமுறை நாளில் காடு சுற்றும் இவர்கள் இல்லாவிட்டால் பல இனங்கள் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

அமெரிக்கக் காளான்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் ஐரோப்பியப் பெயர்களே வழங்கின. இங்கே ஓக் மரத்தடியில் முளைக்கும் பொன்னிறக் காளானையும் ஐரோப்பாவின் 'கான்தரெல்லஸ் சிபாரியஸ்' என்றுதான் நினைத்திருந்தார்கள். அது தனி இனம் என்று 'கலிஃபோர்னிகஸ்' எனப் பெயர் பெற்றது 2008இல்தான். காட்டுக்குக்கூடப் போக வேண்டாம்: லண்டனில் வாங்கிய உலர்ந்த போர்சினி என்ற சமையல் காளான் பாக்கெட் ஒன்றில், அதுவரை அறிவியல் பெயரே இல்லாத 3 இனங்கள் இருந்ததை கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். சீனாவிலிருந்து வந்த காளான்கள் அவை.

இதற்கெல்லாம் உதவுவது ஐடிஎஸ் என்ற சிறு டிஎன்ஏ பகுதி, ஏறத்தாழ 600 எழுத்து நீளம். காளான்கள் உள்ளிட்ட பூஞ்சைகளுக்கான பொதுப் பார்கோடாக, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறியீடாக, இதை 2012இல் முன்மொழிந்தார்கள். அரிசி அளவு துண்டு இருந்தால் போதும்.

ஆனால் அந்தத் துண்டு நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஈரக் காளானை ஜிப்லாக் பையில் போட்டு இரண்டு நாள் விட்டால் அதன்மேல் பூஞ்சணம் படர்ந்துவிடும். அப்புறம் நமக்குக் கிடைப்பது பூஞ்சணத்தின் டிஎன்ஏதான். எடுத்த அன்றே 40 டிகிரி செல்சியஸ் வாக்கில், வற்றல் போல மொறமொறவென்று ஒடியும்வரை காயவையுங்கள். காய்ந்தபின் நிறமும் வாசனையும் போய்விடும். அதனால் அடித்தண்டு தெரியும் படம், வாசனை, பக்கத்தில் நின்ற மரம் எல்லாவற்றையும் முன்பே குறித்துவிடுங்கள். படத்துக்கும் உறைக்கும் ஒரே எண் இருக்கட்டும்.

மிச்சக் காளானைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். பொதுத் தரவுத்தளங்களில் தவறான பெயரோடு கிடக்கும் டிஎன்ஏ பதிவுகள் நிறைய. சந்தேகம் வந்தால் திரும்ப எடுத்துப் பார்க்க அந்த உலர்ந்த காளான்தான் ஒரே வழி. அது இல்லாத பார்கோடை நான் நம்ப மாட்டேன்.

ஃபியூசேரியம் போன்ற சில பேரினங்களில் ஐடிஎஸ் மட்டும் வைத்து இனம் பிரிக்க முடியாது. வேறு மரபணுக்களையும் பார்க்க வேண்டும். சாப்பிடலாமா என்று பார்கோடு முடிவுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. அது ஆபத்து. கொடிய நச்சுக் காளானான 'அமானிட்டா ஃபல்லாய்டஸ்' இங்கே சாதாரணமாக முளைக்கிறது. சமையலுக்கு இந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

பூங்காவிலோ காப்புக்காட்டிலோ பறிப்பதாக இருந்தால் முதலில் அனுமதி வாங்குங்கள். அனுமதி விவரம் இல்லாத மாதிரியை எங்கள் சேகரிப்பில் வைக்க முடியாது.