கம்ப்ரெஸ்: அமுக்கமா, இறுக்கமா, சுருக்கமா?

பவர்பாயின்ட் கோப்பு மின்னஞ்சலில் போகவில்லை என்றால் உடனே கிடைக்கும் அறிவுரை, 'கம்ப்ரெஸ் பண்ணி அனுப்புங்க' என்பது. கேட்டவர் கோப்பை ஜிப் ஆக்குகிறார். அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. சொன்னவர் நினைத்தது ஒரு வேலை, கேட்டவர் செய்தது வேறொரு வேலை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். ஆகவே இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது அகராதிக்கு மட்டுமல்லாமல், கோப்பை அனுப்பவும் பயன்படும்.

மூலம் லத்தீன். 'காம்' என்றால் ஒன்றாக, 'ப்ரெமெரே' என்றால் அழுத்துதல். பஞ்சையோ காற்றையோ ஒன்றுசேர அழுத்திச் சிறிய இடத்தில் அடக்குவதுதான் முதற்பொருள். காற்றழுத்தக் கருவியான கம்ப்ரெசரின் பெயரும் இதிலிருந்து வந்ததே. கணினித் துறை இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது பொருள் நகர்ந்தது. தரவை யாரும் அழுத்துவதில்லை. அதே செய்தியைக் குறைந்த பிட்டுகளில் திரும்ப எழுதுகிறார்கள்.

இதனால்தான் 'அமுக்கம்' பொருந்தவில்லை. செயலை விட்டுவிட்டு, மூலச்சொல்லின் உருவத்தை மட்டும் அது பெயர்க்கிறது. மேலும் இலங்கைத் தமிழில் அமுக்கம் என்றாலே பிரஷர். குருதி அமுக்கம், வளிமண்டல அமுக்கம் என்று பாடநூல் வரை வேரூன்றிய சொல். 'இறுக்கம்' இயற்பியலுக்கு நல்ல சொல், கோப்புக்கு அல்ல. புழக்கத்தில் நிலைத்திருப்பது 'சுருக்கம்', வினையாக 'சுருக்கு'. அதுவே சரி. எழுத்தைக் குறைத்துப் பொருளைக் காப்பதைச் சுருக்கம் என்று சொல்லும் வழக்கம் தமிழில் கணினிக்கு மிகவும் முந்தியது.

நன்னூல் பத்து அழகுகளில் முதலாவதாகச் 'சுருங்கச் சொல்லல்' என்பதை வைக்கிறது. பத்துக் குற்றங்களின் பட்டியலோ குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று தொடங்குகிறது. தரவுச் சுருக்கத்தின் இலக்கணம் முழுவதும் இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. கூறியது கூறலை மட்டும் நீக்கினால் ஒரு பிட்டும் தொலையாமல் பழைய கோப்பைத் திரும்பப் பெறலாம்: இது இழப்பிலாச் சுருக்கம். ஜிப் கோப்பு, பிஎன்ஜி என்ற பட வடிவம் இரண்டும் இவ்வகை. கண்ணுக்குத் தேவைப்படாத மிகையையும் சேர்த்து நீக்கினால் அளவு வெகுவாக இறங்கும், ஆனால் போனது திரும்பாது: இது இழப்புடைச் சுருக்கம். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் என்ற பட வடிவம் இவ்வகை. அளவு மீறிச் சுருக்கினால் வருவது குன்றக் கூறல். வரைபடத்தின் அச்சு எண்கள் மங்கி, எழுத்தோரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் தெரிவது அதன் அடையாளம்.

ஜிப் ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது விளங்கும். பவர்பாயின்ட் 2007இல் வந்த பிபிடிஎக்ஸ் வடிவமே ஒரு ஜிப் பொதி. அதற்குள் ஸ்லைடுகளை விவரிக்கும் எக்ஸ்எம்எல் எழுத்து, 'டிஃப்ளேட்' என்ற முறையால் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கிறது. படங்களும் ஜேபெக்காகவோ பிஎன்ஜியாகவோ ஏற்கெனவே சுருங்கியவை. நீக்குவதற்குக் கூறியது கூறல் மிச்சமில்லை. இந்த அமைப்பால் ஒரு நன்மையும் உண்டு. கோப்பைப் படியெடுத்து, படியின் பின்னொட்டை மட்டும் ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பிபிடி என்ற கோப்புறை, அதற்குள் மீடியா என்ற கோப்புறை இருக்கும். அதில் உள்ளவற்றை அளவு வரிசையில் அடுக்கினால், கனம் எங்கே என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எந்த வேலைக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது. பத்தில் எட்டுப் படங்களைக் குறைத்துக்கொண்டிருக்கையில், ஒரே ஒரு காணொளிதான் சுமையாக இருந்தது என்று பிறகு தெரியவருவது சலிப்பூட்டும்.

இனி பவர்பாயின்ட்டின் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' கட்டளை. இதன் பெயர்தான் குழப்பத்தின் நடுவம். இது முதன்மையாகச் செய்வது படப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. கறாராகச் சொன்னால் 'புள்ளிக் குறைப்பு'. ஏதாவது ஒரு படத்தைத் தேர்ந்து, பிக்சர் ஃபார்மட் தாவலில் இக்கட்டளையைச் சொடுக்குங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற பொருளில் உள்ள முதல் பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை மற்றப் படங்கள் தொடப்படா. அடுத்து அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதைத் தேர வேண்டும்: 330, 220, 150, 96.

அகலத்திரை ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம், உயரம் 7.5 அங்குலம். ஸ்லைடு முழுவதையும் நிறைக்கும் படம் 150இல் 2000 × 1125 புள்ளி ஆகும். முழு எச்டி புரொஜெக்டரின் 1920 × 1080க்கு இது தாராளம். 96இல் 1280 × 720 ஆகிவிடும். பெரிய திரையில் மங்கல் தெரியும். அச்சிடப் போகிறீர்கள் என்றால் 220. மற்ற எல்லாவற்றுக்கும் 150 போதும்.

கைபேசியில் எடுத்த 4000 × 3000 புள்ளிப் படம் ஒன்றை ஸ்லைடின் மூலையில் 4 அங்குல அகலத்தில் வைத்தால், 150இல் அதற்குத் தேவை 600 × 450 மட்டுமே. ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளுக்குப் பதில் 2,70,000; நாற்பத்து நான்கில் ஒரு பங்கு. மூலையை இழுத்துப் படத்தைச் சிறிதாக்கும்போது கோப்பு சிறுக்காது, உள்ளே முழுப்படமும் அப்படியே இருக்கும் என்பதும் இதிலிருந்து புரியும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் படத்தை வேண்டிய அளவில் வையுங்கள், பிறகு புள்ளிகளைக் குறையுங்கள். குறைத்தபின் படத்தைப் பெரிதாக்கினால் உடைந்து தெரியும். மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு, வேறு பெயரில் சேமித்ததில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அதே பெட்டியில் 'வெட்டிய பகுதிகளை நீக்கு' என்ற பொருளில் இன்னொரு தேர்வு உண்டு. இதைக் கட்டாயம் குறியிடுங்கள். பவர்பாயின்ட்டில் கிராப் செய்வது மறைப்பது மட்டுமே. வெட்டியதாக நினைக்கும் பகுதி கோப்பில் இருக்கும், பெறுபவர் ஒரு சொடுக்கில் மீட்டுவிடலாம். அடையாள அட்டையின் எண்ணையோ மாணவர் மதிப்பெண்ணையோ கிராப் செய்து மறைத்தவர்களுக்கு இது அளவுப் பிரச்சினை அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை. எக்செல் வரைபடத்தை ஒட்டும்போதும் இதே ஆபத்து: உட்பொதிக்கும் தேர்வில் ஒட்டினால், நீங்கள் காட்ட நினைக்காத தாள்கள் உட்பட முழுப் பணிப்புத்தகமும் உள்ளே போய்விடும். திருத்தத் தேவையில்லை என்றால் படமாக ஒட்டுங்கள்.

புகைப்படம் பிஎன்ஜியாக இருந்தால் ஜேபெக்காக மாற்றி மறுபடி செருகுங்கள். திரைப்பிடிப்பையும் கோட்டோவியத்தையும் பிஎன்ஜியாகவே விடுங்கள். கூர்மையான ஓரங்களை ஜேபெக் கெடுக்கும். காணொளிக்கு வேறு வழி: ஃபைல், இன்ஃபோ, கம்ப்ரெஸ் மீடியா. அதில் 1080, 720, 480 என்று மூன்று நிலைகள். பகிர்வதற்கு 720 போதுமானது.

எவ்வளவு இறக்க வேண்டும்? ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 எம்பி. ஆனால் மின்னஞ்சலில் இணைப்பு எழுத்துக் குறியீடாக மாறிப் பயணிக்கிறது. ஒவ்வொரு 3 பைட்டும் 4 ஆகும். 20 எம்பி கோப்பு வழியில் 27 எம்பியை நெருங்கும். பெறும் பக்கத்துச் சேவையகத்தின் எல்லை இன்னும் குறைவாகவும் இருக்கலாம். 10 எம்பிக்குள் அடக்கினால் பெரும்பாலும் தடையின்றிப் போய்ச்சேரும்.

அளவைக் குறைக்கும் ஆர்வத்தில் உட்பொதித்த எழுத்துருவை நீக்குவோர், தமிழ்க் கோப்பானால் சற்று நில்லுங்கள். யூனிகோடு என்றால் பெறுபவரின் கணினியில் உள்ள வேறொரு தமிழ் எழுத்துரு இடத்தை நிரப்பும். வரி முறிவு மட்டும் மாறலாம். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஸ்லைடு முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்கள் ஒரு எம்பியைத் தாண்டாதவை. நீக்கிக் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். அத்தகைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றியபின் அனுப்புங்கள்; நேரமில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.