நாக்கு எரிகிறது, சூடு எங்கே?

மிளகாய் பஜ்ஜி தின்ற கையோடு டீயை வாயில் வைத்துப் பாருங்கள். பஜ்ஜிக்கு முன்னால் நிம்மதியாக உறிஞ்சிய அதே டீ இப்போது நாக்கைச் சுடும். கிளாஸில் இருப்பது அதே சூடுதான். சூட்டை அளக்கும் நம் நரம்புதான் கணக்கை மாற்றிக்கொண்டுவிட்டது.

அறுசுவையில் கார்ப்புக்கும் இடம் கொடுத்தவர்கள் நாம். ஆனால் நாக்கின் சுவை மொட்டுகளில் காரத்துக்கென்று ஏற்பி, அதாவது அதை உணரும் புரதம், எதுவும் இல்லை. சர்க்கரையைக் கண்ணோரம் தேய்த்தால் கண் இனிக்காது. பச்சை மிளகாய் நறுக்கிய விரலால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை (எத்தனை முறை பட்டும் எனக்கு மறந்துபோகிறது). காரம் சுவை நரம்பின் வேலையே இல்லை. முகத்தின் வலியையும் சூட்டையும் மூளைக்குக் கொண்டுபோகும் முப்பெரு நரம்பின் வேலை அது.

அந்த நரம்பின் நுனிகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் சின்ன மதகு என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணமாக மூடியிருக்கும். வெப்பம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறக்கும். கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும். நரம்பில் மின்துடிப்பு கிளம்பும். ‘சுடுது’ என்று மூளைக்குச் செய்தி போகும். திசு வெந்துபோவதற்குள் கையை எடுக்க வைக்கும் ஏற்பாடு இது.

மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற பொருள் இந்த மதகிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும், திறப்பதற்கு வேண்டிய வெப்பம் குறைந்துவிடுகிறது. 37 டிகிரி உடல் சூடே போதும், மதகு திறந்துவிடும். மூளைக்கு வருவதோ அதே நரம்பு, அதே துடிப்பு. மிளகாயா, கொள்ளிக்கட்டையா என்று பிரித்துப் பார்க்க அதனிடம் வழியில்லை. அதனால்தான் முகம் சிவக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. இல்லாத சூட்டை உடம்பு தணிக்கப் பார்க்கிறது. ‘காரத்துல வாய் எரியுது’ என்று நாம் சொல்வது உவமை இல்லை, நரம்பு சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறோம். டீக்கு நடந்ததும் இதுதான்: ஏற்கெனவே பாதி திறந்து கிடக்கும் மதகுக்கு, மிதமான சூடும் கொதிசூடுதான்.

இந்தப் புரதத்தின் மரபணுவைக் கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் பிடித்தார்கள். பிடித்த விதம் ரசிக்கத்தக்கது. வலி உணரும் நரம்புகளில் இயங்கும் மரபணுக்களின் நகல்களை, மிளகாய்க்கு மசியாத வேறு செல்களில் கூட்டம் கூட்டமாகப் புகுத்தினார்கள். எந்த மரபணு போன பிறகு அந்தச் செல் கேப்சைசினுக்குத் துள்ளியது என்று சலித்துச் சலித்து ஒன்றில் வந்து நின்றார்கள். மிளகாயைத் தேடிப் போனவர்கள் கையில் உடம்பின் வெப்பமானியே சிக்கியது. 2021இல் மருத்துவ நோபல் பரிசை, தொடு உணர்வின் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனோடு அவர் பகிர்ந்துகொண்டார்.

குளிர்ச்சிக்கு வேறு மதகு, டிஆர்பிஎம்8. புதினாவின் மென்தால் அதை ஏமாற்றுகிறது. புதினா மிட்டாயைச் சப்பிவிட்டுக் குடித்தால் பானைத் தண்ணீரும் ஐஸ் தண்ணீராவது அதனால்தான்.

எரிகிற வாய்க்குத் தண்ணீர் உதவாது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தயிரில் கொழுப்பும் உண்டு, கேப்சைசினைப் பற்றி இழுக்கும் கேசீன் புரதமும் உண்டு. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி வைத்தவர்களுக்குக் கேசீன் தெரிந்திருக்காது; நாக்கு தெரிந்திருந்தது.

கிளிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பறவைகளின் டிஆர்பிவி1 சூட்டுக்குத் திறக்கும், கேப்சைசினுக்கு அசையாது. எலி மிளகாய் விதையைக் கடித்து நொறுக்கிவிடும். பறவையோ முழுசாக விழுங்கி வேறெங்கோ போய் எச்சமிடும். செடிக்கு யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்பது காரத்திலேயே எழுதியிருக்கிறது. நாம் எலியின் பக்கத்து ஆட்கள். ஆனாலும் பஜ்ஜிக்கு இன்னொரு மிளகாயை மாவில் முக்குகிறோம்.