ஏற்காட்டு வெயிலும் உதட்டுக் கொப்புளமும்

போன மே மாசம் கோடை விழா பாக்கலாம்னு குடும்பத்தோட ஏற்காடு போனோம், கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி லேடீஸ் சீட், ஏரின்னு நாள் முழுக்க வெளியிலேயே சுத்துனோம், மேல குளுகுளுன்னு காத்து அடிச்சதுல வெயில் உறைக்கவே இல்ல. சேலம் வந்து மூணாம் நாள் காலையில கீழுதட்டு ஓரத்துல குறுகுறுன்னு ஒரு அரிப்பு, ராத்திரிக்குள்ள அதே இடத்துல கொத்தா நாலஞ்சு நீர்க்கொப்புளம். அம்மாயி பாத்த உடனே "பல்லி நக்கியிருக்கும் சாமி, குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிட்டு வந்துரு"ன்னாங்க. மெடிக்கல்ல கேட்டா உடம்பு சூடுன்னு பி காம்ப்ளெக்ஸ் குடுத்தாங்க.

பல்லியும் இல்ல, சூடும் இல்லங்க. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் டைப் 1னு ஒரு வைரஸ். பேரைக் கேட்ட உடனே தப்பா நினைக்க வேண்டாம், உலகத்துல 50 வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல பாதிக்கும் மேல உள்ளவங்க உடம்புல இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பெரும்பாலும் சின்ன வயசுல யாரோ பாசமா குடுத்த முத்தத்துல வந்திருக்கும். அம்மாயி சொன்ன அக்கி இதோட பங்காளி, சின்னம்மை வைரஸ் பண்ற வேலை அது, ஒரே குடும்பம்தான் ஆனா வேற ஆளு. வாய்க்குள்ள வர்ற வெள்ளைப் புண்ணும் கடைவாய் வெடிக்கறதும் இது இல்ல, அதனால பி காம்ப்ளெக்ஸ் முழுங்கி இதுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

முதல் தடவை உள்ள வந்த வைரஸ் புண்ணு ஆறுனதும் உடம்பை விட்டுப் போறதில்ல. உதட்டு நரம்பு வழியாவே மேல ஏறி, காதுக்கு முன்னாடி மண்டையோட்டுக்கு உள்ள இருக்கற ஒரு நரம்பு முடிச்சுல போய்ப் படுத்துக்கும். அங்க அது பெருகறதும் இல்ல, நம்ம நோய் எதிர்ப்பு சக்தி கண்ணுலயும் படறதில்ல. காய்ச்சல், தூக்கமில்லாம அலையறது, மன உளைச்சல், மாதவிலக்கு, பல் பிடுங்கறது, உதட்டுல அடிபடறது, அப்புறம் வெயில், இதுல ஏதாவது ஒண்ணு வந்தா எந்திரிச்சு வந்த நரம்பு வழியாவே திரும்ப இறங்கும். அதான் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே இடத்துல வருது.

ஏற்காட்டுல நடந்தது வெயில் வேலைன்னுதான் நான் நினைக்கறேன். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரம் ஏறும்போதும் வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் சுமாரா 10 சதவீதம் கூடும், ஏற்காடு கடல் மட்டத்துலேருந்து 1,500 மீட்டர் உயரம். குளிர்ச்சியா இருக்கறதால நாம நிழல் தேடறதில்ல, தொப்பி போடறதில்ல. அந்தக் கதிர் உதட்டுத் தோல்ல இருக்கற காவலைக் கொஞ்ச நாளைக்குத் தளர வச்சிரும், வைரஸுக்கு அது போதும். இப்பல்லாம் மலைக்குப் போனா எஸ்பிஎஃப் 30 போட்ட லிப் பாம் தடவாம நான் வண்டிய விட்டு இறங்கறதில்ல, சாப்பிட்டதும் மறுபடி ஒருக்கா தடவிக்குவேன்.

மருந்துல அசைக்ளோவிர்னு ஒண்ணு இருக்கு, அது வேலை செய்யற விதத்தைப் படிச்சப்போ அசந்துட்டேன். இந்த வகை மருந்துகளுக்கு வழி காட்டுன ஆய்வுகளுக்காக ஜெர்ட்ரூட் எலியன்ங்கற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1988ல நோபல் பரிசு குடுத்தாங்க. மருந்து உள்ள போகும்போது சும்மாதான் கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லுல மட்டும் வைரஸோட சொந்த என்சைம் ஒண்ணு அதைத் தொட்டு முடுக்கி விடும், அதுக்கப்புறம் வைரஸ் தன் டிஎன்ஏவை நகல் எடுக்கும்போது இது ஒரு கண்ணியா நடுவுல சேந்துக்கும், சேந்த இடத்தோட சங்கிலி நின்னுரும். நல்ல செல்லுல அந்த என்சைமே இல்லாததால அதுக்கு அனேகமா ஒண்ணும் ஆகறதில்ல.

இதுலேருந்தே ரெண்டு விஷயம் புரிஞ்சுரும். நரம்பு முடிச்சுல தூங்கற வைரஸ் நகல் எடுக்கறதில்ல, அதனால எந்த மாத்திரையும் அதை அடியோட அழிக்காது. அடுத்தது, நகல் மும்முரமா ஓடறது முதல் ஒண்ணு ரெண்டு நாள்தான், கொப்புளம் உடைஞ்சு பொருக்கு கட்டுன அப்புறம் க்ரீம் தடவி பெருசா பலன் இல்ல. அந்தக் குறுகுறுப்பு தெரியற நேரத்துலயே ஆரம்பிக்கணும். க்ரீம்னா ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, நாலு அஞ்சு நாள். மாத்திரை இன்னும் நல்லா கேக்கும், ஆனா கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு அளவு மாறும், டாக்டர்கிட்ட கேட்டுத்தான் போடணும். அடிக்கடி வர்றவங்களுக்கு தினசரி மாத்திரையே எழுதித் தருவாங்க. நீங்களா ஸ்டீராய்டு கலந்த ட்யூப், சுண்ணாம்பு, பேஸ்ட் எதையும் வைக்காதீங்க. வலிக்கு துணியில சுத்துன ஐஸ், வெடிக்காம இருக்க வாசலின், ஒரு வாரம் பத்து நாள்ல தானா ஆறிரும்.

ஆறுற வரைக்கும் டம்ளர், துண்டு, லிப்ஸ்டிக் தனியா வைங்க, புண்ணைத் தொட்டா சோப்பு போட்டு கை கழுவாம கண்ணுகிட்ட கொண்டு போகாதீங்க, கருவிழியில பட்டா பார்வையே பாதிக்கும். பச்சக் குழந்தைய நினைச்சாதான் எனக்கு ரொம்ப பயம், பிறந்து ஒரு மாசத்துக்குள்ள இந்த வைரஸ் தொத்துனா மூளை வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த வாரம் அக்கா பையனுக்குத் தொட்டில் போட்டாங்க, நான் வாசத்திண்ணையிலயே உக்காந்துக்கிட்டேன், ஏன் தூக்கலன்னு கேட்டவங்க எல்லாருக்கும் உதட்டைக் காட்டி காரணத்தைச் சொன்னேன்.