தழும்புக்கு மேலே சப்போட்டா, கீழே பாலை: ஒட்டுக்கட்டுதலும் கிறிஸ்துவோடுள்ள ஐக்கியமும்

தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடியில் நிற்கும் சப்போட்டா மரத்தின் அடித்தண்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு தழும்பு உண்டு. அதற்குக் கீழே இருப்பது உலக்கைப்பாலை; அதன்மேல் ஒட்டுக்கட்டி வளர்ந்ததே சப்போட்டா. சப்போட்டா நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த மரம். பாலையோ செட்டிநாட்டுச் செம்மண்ணிலும் சரளையிலும் மழையற்ற மாதங்களைத் தாங்கி நிற்கும் நம் மண்ணின் மரம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள் என்பதால்தான் இந்த இணைப்பு சாத்தியமாகிறது. மாங்குச்சியை வேம்பின்மேல் எத்தனை இறுகக் கட்டினாலும் பிடிக்காது.

விசுவாசி கிறிஸ்துவோடு கொண்டுள்ள ஐக்கியத்தை யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் திராட்சைச் செடியையும் கொடியையும் கொண்டு விளக்குகிறது. அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், காட்டொலிவக் கிளை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டவைக்கப்படுவதைச் சொல்கிறார். சிறுவயது முதல் கேட்டு வந்த இந்த வசனங்களின் நெருக்கம், ஒட்டுக்குள் நடப்பதை அறிந்த பிறகே எனக்கு விளங்கியது.

மாவில் இளந்தண்டு ஒட்டுக் கட்டும்போது, நாற்றின் தலையை வெட்டி, தண்டை நடுவே பிளந்து, ஆப்புப்போலச் சீவிய ஒட்டுக்குச்சியை அதில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுவார்கள். வெட்டுவாயில் கத்தி பட்ட செல்கள் மடிந்துவிடுகின்றன. அவற்றை அடுத்துள்ள உயிருள்ள செல்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் பெருகி, வெளிறிய, மணிமணியான காலஸ் என்னும் திசுவாக இடைவெளியை நிரப்புகின்றன. பட்டைக்கு உள்ளே மெல்லிய வளையமாக இருந்து புதிய செல்களை உண்டாக்கும் கேம்பியம் என்னும் திசு இரு தண்டுகளிலும் நேருக்கு நேர் பொருந்தியிருந்தால், காலஸின் ஊடாகப் புதிய கேம்பியம் உருவாகிறது. குச்சியின் மொட்டிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்னும் ஹார்மோனும் துணைசெய்ய, வேரின் நீரை ஏற்றும் சைலமும் இலையின் உணவை இறக்கும் புளோயமும் தொடர்ச்சியாகின்றன.

நான் முதலில் கட்டிய ஒட்டு மாங்கன்று இரண்டு வாரம் பச்சையாகவே இருந்தது. பிடித்துவிட்டது என்று நம்பினேன். பிறகு குச்சி கருத்தது. நாடாவை அவிழ்த்தபோது இரண்டு வெட்டுவாய்களும் பழுப்பேறி, ஒட்டாமல், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. குச்சி அதுவரை தன்னுள் சேர்ந்திருந்த ஈரத்தாலும் மாவுச்சத்தாலும் பசுமை காட்டியிருக்கிறது. ஆலயத்தில் வளர்ந்து, பாடல்களை மனப்பாடமாகச் சொல்லி, உள்ளே எந்த ஓட்டமும் இல்லாமல் நான் கழித்த ஆண்டுகளை அந்தக் குச்சியில் கண்டேன். நுனி மொட்டு தடித்துத் துளிர்விடுவதே ஒட்டுப் பிடித்ததற்கு அடையாளம். மாவில் அது தெரியப் பெரும்பாலும் மூன்று வாரங்களாகும்.

சப்போட்டாவுக்கு நம் பக்கத்தில் வழக்கமான நெருக்கு ஒட்டில், பாலை நாற்றைத் தாய்மரக் கிளையின் அருகே கொண்டுபோய்க் கட்டுவார்கள். கிளை பழைய வேரிலும் உண்ணும், புதிய வேரிலும் உண்ணும். சேர்ந்த பிறகுதான் தாய்மரத்திலிருந்து வெட்டுவார்கள். பவுல் சொல்லும் முறை இதுவல்ல. அங்கே கிளை முதலில் வெட்டப்படுகிறது, பிறகே ஒட்டவைக்கப்படுகிறது. வெட்டுக்கும் இணைப்புக்கும் இடையே குச்சிக்கு வேர் என்று எதுவுமே இல்லாத அந்தச் சிறு பொழுதை, மனந்திரும்புதலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஓரிடத்தில் மட்டும் தோட்டக்கலையும் வேதமும் பிரிகின்றன. ஒட்டுமரத்தில் கனியைத் தீர்மானிப்பது மேலே உள்ள குச்சியே. பாலையின் வேர் எவ்வளவு ஊட்டினாலும் சப்போட்டா சப்போட்டாவாகத்தான் காய்க்கும். அதனால்தான் விவசாயி காட்டு வேரின்மேல் நல்ல ரகத்தைக் கட்டுகிறார். பவுலோ நல்ல மரத்தில் காட்டுக் கிளையை வைத்து, அது ‘சுபாவத்திற்கு விரோதமாய்’ நடப்பது என்று தாமே சொல்லிவிடுகிறார். அவர் சொல்லும் ஒட்டில் கிளை கிளையாகவே இருக்கிறது, அதன் பெயரும் உருவும் கரைந்துபோவதில்லை. ஆனால் அதில் தொங்கும் கனி வேருக்குரியது.