8,000 பவுண்டு 32,000 ஆனது எப்படி?

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் காசாளராக இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: மாலையில் கல்லாவை எண்ணினால் கம்ப்யூட்டர் காட்டும் இருப்பைவிடச் சில நாள் குறைகிறது, கைக்காசு போட்டுத்தான் நேர்செய்கிறேன், கம்ப்யூட்டர் கணக்கில் தப்பு வரவே வராது என்று மேலே இருப்பவர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா?

உண்மை இல்லை. அப்படி நம்பியதால் பிரிட்டனில் 900க்கும் மேற்பட்டவர்கள் திருடினார்கள், ஏமாற்றினார்கள், பொய்க் கணக்கு எழுதினார்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள்.

அங்கே பெரும்பாலான அஞ்சல் நிலையங்களை நடத்துபவர்கள் சப்-போஸ்ட்மாஸ்டர்கள். ஊரில் கடை வைத்திருப்பவர்தான் பல இடங்களில் போஸ்ட்மாஸ்டரும். கடையின் ஒரு மூலையில் அஞ்சல் கவுன்ட்டர் இருக்கும். அவர் சம்பளம் வாங்கும் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். கணக்கில் துண்டு விழுந்தால் அவர்தான் கட்ட வேண்டும் என்று அஞ்சல் நிறுவனம் சொல்லி வந்தது. 1999இல் தொடங்கி இந்தக் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. எழுதியது ஜப்பானின் கம்ப்யூட்டர் நிறுவனமான ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமான ஐசிஎல் நிறுவனம். வந்த கொஞ்ச நாளிலேயே பல ஊர்களில் காரணம் தெரியாமல் துண்டு விழத் தொடங்கியது. உதவி எண்ணை அழைத்தவர்களில் பலருக்கு, "வேறு யாருக்கும் இப்படி வரவில்லை, உங்களுக்கு மட்டும்தான்" என்ற பதில் கிடைத்தது.

சரி, திருடாமலே பணம் எப்படிக் குறையும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பணத்தை வாங்கிப் பெட்டியில் போடுகிறார், பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதுகிறார். பெண்ணின் சித்தப்பா கொடுத்த 1,001 ரூபாயைக் கூட்ட நெரிசலில் அவர் இரண்டு தடவை எழுதிவிட்டார். பந்தி முடிந்து கூட்டிப் பார்த்தால் பெட்டியில் 1,001 ரூபாய் குறைகிறது. உண்மையில் ஒரு பைசாகூடக் காணாமல் போகவில்லை, நோட்டில் இல்லாத பணம் ஏறியிருக்கிறது. நோட்டில் தப்பே வராது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டால் மட்டும், பெட்டிப் பக்கம் உட்கார்ந்தவர் திருடனாகிவிடுவார்.

ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரின் அஞ்சல் நிலையத்தில் 2015இல் நடந்தது இதுதான். சிறிய கிராமங்களுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் போய்க் கவுன்ட்டர் திறந்து உட்காரும் ஏற்பாடு அங்கே உண்டு. அதற்கு முதன்மைக் கிளையிலிருந்து பணப்பை கொண்டுபோக வேண்டும். பையில் ஒரு பார்கோடு இருக்கும். போன இடத்தில் அதை ஸ்கேன் செய்து என்டர் விசையைத் தட்டினால், பணம் வந்து சேர்ந்ததாகப் பதிவாகும். அன்று பையில் இருந்தது 8,000 பவுண்டு. என்டர் தட்டிய பிறகு மூட வேண்டிய திரை மூடாமல் அப்படியே நின்றது. கவுன்ட்டரில் இருந்த பெண்மணி மறுபடி தட்டினார். இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. திரை உறைந்துபோனால் நாம் எல்லோரும் செய்வதுதானே! ஒவ்வொரு தட்டுக்கும் ஹொரைசன் இன்னொரு 8,000 வந்ததாக எழுதிக்கொண்டது. கணக்கில் 32,000, கையில் 8,000. ஒரே ஒரு விசையால் 24,000 பவுண்டு துண்டு.

லிஃப்ட் பொத்தானைப் பத்து தடவை அழுத்தினாலும் லிஃப்ட் ஒரு தடவைதான் வரும். வாசலில் இருக்கும் அழைப்பு மணியைப் பத்து தடவை அழுத்தினால் பத்து தடவையும் அடிக்கும். பணத்தைத் தொடும் பொத்தான் எதுவாக இருந்தாலும் அது லிஃப்ட் பொத்தானைப் போல இருக்க வேண்டும். அதற்கு வழி எளிது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு தனி எண் கொடுத்துவிட வேண்டும். அதே எண் திரும்ப வந்தால், இது ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று மென்பொருள் ஒதுக்கிவிட வேண்டும். எத்தனை முறை செய்தாலும் விளைவு ஒன்றே. இவ்வளவு சின்ன யோசனைக்குள் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். டால்மெலிங்டன் பையில் அந்தத் தனி எண் பார்கோடாகவே ஒட்டியிருந்தது. இந்தப் பை முன்பே வந்துவிட்டதா என்று அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

கணக்கியல் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறை இதைப் பிடித்திருக்காதா? பிடிக்காது. ஒவ்வொரு தட்டிலும் பற்றும் வரவும் சேர்ந்தே ஏறின. அதனால் பேரேடு நான்கு முறையும் கச்சிதமாக நேரானது. பணத்தைக் கையால் எண்ணிப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அங்கே மாட்டிக்கொள்வதும் எண்ணுகிறவர்தான்.

இது ஒரு பிழை மட்டும். பழைய ஹொரைசனில் ஒரு கிளையின் ஒரு கவுன்ட்டரில் நடந்தது இன்னொரு கவுன்ட்டருக்குத் தெரியாமல் போகும் கோளாறு இருந்தது. ஒரு கவுன்ட்டரிலிருந்து மற்றதற்கு மாற்றிய பணம் போய்ச் சேரவில்லை என்று நினைத்து ஊழியர்கள் திரும்பவும் மாற்றுவார்கள். ஹாம்ப்ஷயரில் கடை நடத்திய ஜோ ஹாமில்டன், சுமார் 2,000 பவுண்டு துண்டைச் சரிசெய்ய உதவி எண்ணில் சொன்னபடி விசைகளைத் தட்டினார். அவர் கண்ணெதிரே அது இரண்டு மடங்கானது. மென்பொருளின் தரம் பற்றி 1998லேயே உள்ளுக்குள் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அதில் காட்டப்பட்ட ஒரு நிரலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓர் எண்ணின் குறியை மாற்ற முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும். அவர்கள் எழுதியது: அது குறை எண்ணாக இருந்தால் குறியை நீக்கு, இல்லையென்றால் எண்ணிலிருந்து அதன் இரு மடங்கைக் கழி. 5-லிருந்து 10ஐக் கழித்தால் -5, விடை சரிதான். ஆனால் இதை எழுதியவருக்கு அடிப்படைக் கணிதம்கூடப் புரியவில்லை என்று ஆய்வாளர்கள் குறித்து வைத்தார்கள். அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான கிளைகளுக்கு அதை அனுப்பினார்கள் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. சப்-போஸ்ட்மாஸ்டர்களுக்குத் தெரியாமலே ஃபுஜிட்சு ஊழியர்களால் தொலைவிலிருந்து கிளைக் கணக்கில் பதிவுகளைச் சேர்க்க முடிந்தது. அஞ்சல் நிறுவனம் இதைப் பல ஆண்டுகள் மறுத்தது.

தண்டனை வாங்கிக் கொடுத்ததும் பெரும்பாலும் அதே நிறுவனம்தான். இங்கிலாந்தில் தனியாரும் குற்ற வழக்கு தொடரலாம் என்பதால், சுமார் 700 பேர் மீது அஞ்சல் நிறுவனமே வழக்குப் போட்டது. சர்ரேயில் கடை நடத்திய சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். சுமார் 60 கிளைகளைப் பாதித்த ஒரு பிழை அதே ஆண்டு உள்ளே தெரிந்திருந்தும், அவருடைய தரப்புக்குச் சொல்லவில்லை.

அரசியல்வாதிகளுக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர் வீக்லி இதழ் 2009இல் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு, முன்னாள் சப்-போஸ்ட்மாஸ்டர் ஆலன் பேட்ஸ் பாதிக்கப்பட்டவர்களைத் திரட்டினார். 2010இல் அமைச்சரைச் சந்திக்கக் கேட்டபோது, சந்திப்பதால் பயன் இல்லை என்று பதில் வந்தது. நிறுவனம் முழுக்க அரசுக்குச் சொந்தம், ஆனால் அன்றாட நிர்வாகத்தில் நாங்கள் தலையிடுவதில்லை என்பது வழக்கமான சாக்கு. 555 பேர் தொடுத்த சிவில் வழக்கில் 2019இல் நீதிபதி ஃபிரேசர் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். சமரசத் தொகை சுமார் 5.8 கோடி பவுண்டு, அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் வழக்குச் செலவுக்கே போனது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. மற்றவர்கள்? 2024 ஜனவரியில் இந்தக் கதையைச் சொன்ன ஒரு தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகி நாடே கொதித்த பிறகு, மே மாதத்துக்குள் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மொத்தமாக ரத்து செய்தது. ஐந்து மாதத்தில் முடியக்கூடிய வேலைக்குப் பதினைந்து ஆண்டு காக்க வைத்ததை நான் மன்னிக்க மாட்டேன். குறைந்தது 13 தற்கொலைகளுக்கு இந்த விவகாரத்தோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று விசாரணை ஆணையத்தின் 2025 ஜூலை அறிக்கை சொல்கிறது.

சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணினி ஆவணத்தைக் குற்ற வழக்கில் சாட்சியமாக வைப்பவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும். அந்தப் பிரிவை 1999இல் நீக்கினார்கள். 2000 ஏப்ரலில், ஹொரைசன் கிளை கிளையாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அந்த நீக்கம் நடைமுறைக்கு வந்தது. கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்பது அனுமானமாகிவிட்டது. தப்பு என்று காட்டும் பொறுப்பு, உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லாத கடைக்காரரின் தலையில் விழுந்தது.

நம் நாட்டில் அந்த மாதிரி அனுமானம் இல்லை, சான்றிதழ் உண்டு. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டம் 65பி, இப்போது 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63. கணினி சரியாக இயங்கியது என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். நல்லதுதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. டால்மெலிங்டன் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. மின்சாரம் இருந்தது, இணைப்பு இருந்தது, ஒவ்வொரு தட்டையும் விடாமல் பதிவு செய்தது. அதற்கும் இப்படி ஒரு சான்றிதழை மனசாட்சியோடு எழுதித் தரலாம். அதனால் அந்த வாசகியிடம் நான் சொல்வது: துண்டு விழுந்த நாளில் உங்கள் கைக்காசைப் போடுவதற்கு முன்பு, அன்றைய பரிவர்த்தனைப் பதிவை வரிவரியாக எழுத்தில் கேளுங்கள். ஒரே எண், ஒரே தொகை இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.