அணை மீனுக்குத் தராசு மட்டும் போதாது

கிருஷ்ணகிரி அணைக் கரைக்கு விடியும்போதே பரிசல்கள் வந்துவிடும். மீன்களை வலையிலிருந்து கழற்றும் நேரத்தில்தான் ஒரு மீன்வள ஆய்வாளராக என் வேலை தொடங்கும். கையில் சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு மரப்பலகை இருக்கும். மீனின் வாயைப் பலகை முனையில் முட்டவைத்து, வால் நுனி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவேன்.

போன கோடையில் ஒருநாள் மூத்த மீனவர் ஒருவர், "எடை ஒண்ணும் கொறையலைங்க சார், நாப்பது கிலோ இருக்குது" என்றார். தராசும் அதையே சொன்னது. கூடையைக் கொட்டி எண்ணினால் முந்நூறைத் தாண்டியது. பெரும்பாலும் உள்ளங்கை அளவு ஜிலேபி மீன். "முன்னெல்லாம் இந்த எடைக்கு எத்தனை மீன்ணே இருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பத்து கட்லா போதுமே" என்றார்.

கிலோவை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சித்திரை, வைகாசியில் தண்ணீர் இறங்கும்போது இருக்கிற மீனெல்லாம் பள்ளத்தில் வந்து சேரும், வலை நிறையும். மீன் பெருகிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் விஷயத்திலும் இப்படித்தான் ஆனது. மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை ஓரிடத்தில் திரண்டன. கப்பல்களுக்கு மீன் நன்றாகவே கிடைத்துவந்ததால் ஆபத்து புரியவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

பல வருடக் கணக்குப் புத்தகம் இருந்தால்தான் தண்ணீரில் உள்ள மீன் இருப்பை மதிப்பிட முடியும் என்ற நிலை இப்போது மாறிவருகிறது. நம் அணைகளைப் போலப் பழைய கணக்கு சரியாக இல்லாத இடங்களுக்காகவே நீளத்தை வைத்துக் கணிக்கும் முறைகள் வந்துள்ளன. ரெய்னர் ஃப்ரோஸ் என்ற ஆய்வாளர் 2004-இல் மூன்றே கேள்விகள் வைத்தார். பிடிபட்ட மீன் ஒருமுறையாவது முட்டையிடும் பருவத்தை எட்டியதா? நல்ல விளைச்சல் தரும் அளவில் இருக்கிறதா? பெரிய தாய் மீன்களை விட்டுவைக்கிறோமா? அந்த இனம் எந்த நீளத்தில் பருவமடையும், எவ்வளவு வளரும் என்பது தெரிந்திருந்தால், மூன்றுக்கும் விடை சொல்ல ஓர் அளவுப் பலகையே போதும்.

ஆனால் இதை எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி பொருத்தக்கூடாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய அணைநீரில் இவை பெருகுவதை நம்ப முடியாது என்பதால்தான் விரல் நீளக் குஞ்சுகளான விரலிகளை வாங்கி அணையில் விடுகிறோம். நல்ல தீனி கிடைத்தால் ஒரு வருடத்தில் ஒரு கிலோவை எட்டும் கட்லாவைக் கால் கிலோவில் பிடித்தால், விளையாத கதிரை அறுத்த கதைதான். தானாகப் பெருகும் நாட்டு மீன்களுக்கு முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் உயிர்நாடி.

ஒகேனக்கல்லை நினைத்தால் எனக்குக் கவலை கூடுகிறது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத திமில் மகசீர் என்ற மீன், 2018 முதல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வலை போட முடியாத அந்தப் பாறை இடுக்குகளில் கொஞ்சம் தண்ணீரை எடுத்து, அதில் மிதக்கும் மரபணுத் துகள்களை வைத்து எந்த மீன் இருக்கிறது என்று அறியும் முறை இப்போது வந்திருக்கிறது. எத்தனை இருக்கிறது என்று அது உறுதியாகச் சொல்லாது. இருந்தாலும் மீனைக் கொல்லாமல் தேடலாமே, அதுவே பெரிய விஷயம்.

சரி, கரையில் என்ன செய்யலாம்? செவுள் வலையில் சிக்கிய சின்ன மீன் பெரும்பாலும் செத்துத்தான் வரும். திரும்ப விட்டுப் பயனில்லை. வலைக் கண்ணைப் பெரிதாக்குவதுதான் வழி. கொசுவலையை அணைக்குள் இறக்கவே வேண்டாம்.

அந்த மூத்த மீனவர் தன் துடுப்பில் கத்தியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார். அந்தக் கோட்டை எட்டாத கட்லா ஒரே நாளில் ஐந்தாறு ஏறிவிட்டால், மறுநாள் சின்னக் கண் வலையை வீட்டிலேயே போட்டுவிட்டு வருகிறார்.